போடிமெட்டு எல்லையை எதைக் கொண்டு கற்பிப்பது?

போடிநாயக்கனூரில் பல வீடுகளுக்குக் கூலி கேரளத்திலிருந்து வருகிறது. விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டுச் சாவடியைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறார்கள் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் மொழிவாரி மாநிலங்கள் பற்றிப் படிக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அவர்களுக்கு மனப்பாடம். எதிரே தெரியும் மலை ஏன் அந்தப் பக்கம் போனது என்பது மட்டும் தெரியாது. சமூக அறிவியலை மூல ஆவணங்களையும் பழைய இதழ்களையும் கொண்டு கற்பிக்க வேண்டும் என்ற வாதத்தை இந்த ஒரு பாடத்தில் வைத்தே எடைபோடலாம்.

முதலில் ஆவணம். பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொன்ன அதே அறிக்கை, மலைப்பகுதிகளான தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே விட்டது. 1951 கணக்கெடுப்பின்படி தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. ஆனால் அவர்களில் பெரும்பகுதியினர் பிழைக்க வந்த தோட்டத் தொழிலாளர் என்றும், மலைவளம் அந்த மாநிலத்துக்குத் தேவை என்றும் ஆணையம் கருதியது. இந்தப் பகுதியை மாணவர் கையில் கொடுத்தால் கேள்விகள் தாமாக எழும். எத்தனை தலைமுறை உழைத்தால் ஒருவர் அந்த மண்ணுக்குரியவர் ஆவார்? தெற்கே ஓர் அளவுகோல், இங்கே வேறொன்றா? முடிவை மட்டும் சொல்லும் பாடநூலால் இந்தக் கேள்விகளை எழுப்ப முடியாது. மூல ஆவணத்தின் முதல் பலம் இதுவே.

அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. யாரைக் குறித்து முடிவெடுத்தார்களோ, அந்தத் தொழிலாளியின் குரல் அறிக்கையில் இல்லை. 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியர் போடியைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் ஆட்சியாளரின் கண்தான். எழுதி வைத்தவர்கள் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும். ஆகவே ஆவணத்தை மட்டும் நம்பும் வகுப்பு, பழைய அநீதியை மீண்டும் ஒருமுறை படியெடுக்கும். பாட்டியின் நினைவும் வகுப்புக்கு வரவேண்டும். அது ஆண்டுகளைக் குழப்பும் என்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

இதழ்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1954-இல் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடிய தலைவர் நேசமணி தேவிகுளத்தில் கைதானதையும், அதே போராட்டத்தில் ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டையும் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி எழுதின, மலையாளப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று அருகருகே வைத்துப் படித்தால் அது உயர்ந்த கல்வி. ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் கோபம் பாடமாகிவிடும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையை ஒட்டி இரு மாநிலங்களுக்கிடையே பதற்றம் மூண்டபோது மலையிலிருந்து அஞ்சி இறங்கி வந்தவர்கள் இந்த ஊர்த் தொழிலாளர்கள். அந்தக் கோபத்தின் விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

இதழ்கள் புகழுரையையும் வரலாறாக்கும். அதே அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அதைக் கட்டினார் என்று எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டன. அது சென்னை மாகாண அரசின் செலவில் நடந்த பணி. 1899-இல் வெளியான மெக்கன்சியின் பெரியாறு திட்ட வரலாற்றோடு அந்தக் கட்டுரைகளை ஒப்பிட வைப்பதே ஆசிரியரின் வேலை. அந்தப் பொறியாளரின் பெருமை இதனால் குறையாது. மாணவரின் அறிவு கூடும்.

நடைமுறைத் தடைகள் உண்மையானவை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆவணக் காப்பகம் எழும்பூரில் இருக்கிறது. நூறு மதிப்பெண் தேர்வு நெருங்குகையில் எந்த ஆசிரியருக்கும் பொழுது மிஞ்சுவதில்லை. முதல் இரண்டுக்கும் வழி உண்டு: அரைப்பக்க மொழிபெயர்ப்பு போதும், மின்னூலகங்களும் பெருகிவிட்டன. மூன்றாவதற்கு அரசுதான் வழி செய்ய வேண்டும். முன்பின் பார்த்திராத ஒரு சான்றைக் கொடுத்து, அதை எழுதியவர் யார், விட்டது எது என்று கேட்கும் ஒரு வினா பொதுத்தேர்வில் வந்தால் வகுப்பறை தானே மாறும்.

என் தீர்ப்பு இது. மூல ஆவண வழிக் கல்வி வேண்டும். பாடந்தோறும் பெட்டிச்செய்தியாகத் தூவுவது வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பாடம் போதும். அதில் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு சான்றுகளும், உள்ளூர் மனிதர் ஒருவரின் வாய்மொழியும் கட்டாயம் இருக்கட்டும். இதழை ஆதாரமாக வைக்காமல் ஆராயும் பொருளாக வைக்கட்டும். இந்த நிபந்தனைகள் இல்லாமல் ஒற்றைச் சான்றைக் கொண்டு நடத்துவதைவிட, பாடநூலை மட்டும் நடத்துவதே தீங்கு குறைந்தது.