நாக்குக்கு முன்னால் மூக்கு

இருங்காட்டுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுதியில் மீன் குழம்பு வைக்கும் நாட்களில் நான் தயிர்ச்சாதத்தோடு எழுந்துவிடுவேன். தருமபுரிப் பக்கம் வளர்ந்த எனக்கு மீன் என்றால் வாரச்சந்தையில் ஐஸ் உருகி வழியும் பெட்டியும், பேருந்து வரை பின்தொடரும் அதன் வாடையும்தான். அறையில் உடன் இருந்த தூத்துக்குடி அண்ணன், “பழகினா பிடிச்சிடும் தம்பி” என்பார். சில ஆண்டுகளில் பழகியும் விட்டேன். இன்று மத்திக் குழம்பை விரும்பிக் கேட்டுச் சாப்பிடுகிறேன். ஆனால் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும்போது, அந்த அறிவுரை பாதிதான் சரி என்று படுகிறது.

1998-இல் இங்குள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்ததிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை வளர்ந்திருக்கும் இந்தப் பகுதி பல ஊர் நாக்குகள் கூடும் இடம். கடற்கரைக்காரர்கள், உள்மாவட்டத்துக்காரர்கள், ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். மீன் தின்னாதவனைத் தின்ன வைப்பது இங்கே ஒரு வழக்கமாகவே இருக்கிறது. அதற்குப் படிகளும் உண்டு. முதலில் நடுமுள் மட்டும் உள்ள வஞ்சிரம் வறுவல். அடுத்து, துண்டு இல்லாமல் குழம்பு மட்டும். பிறகு மொறுமொறுவென்று நெத்திலி. கடைசியில் தலையோடும் முள்ளோடும் முழு மீன்.

இந்தப் படிமுறையின் முதல் பலம், அது மனித இயல்போடு ஒத்துப்போவது. லீயன் பிர்ச், டயான் மார்லின் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு புதிய உணவை எத்தனைக்கெத்தனை அதிகமாகச் சுவைத்தார்களோ, அத்தனைக்கத்தனை அதன்மேல் விருப்பம் கூடியது. நம் வீடுகளிலேயே சான்று இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இன்றும் ஒவ்வொரு குழந்தையும் முதல் காரத்துக்கு அழுதுவிட்டுத்தான் அதற்குப் பழகுகிறது.

இரண்டாவது பலம், நம் சமையல் கையில் இருக்கும் வேதியியல். கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்புநீரில் உடலின் நீர்ச்சமநிலையைக் காக்க அது மீனுக்கு உதவுகிறது. மீன் செத்த பிறகு நுண்ணுயிரிகள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. நாம் மீன் கவிச்சி என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அது காரத்தன்மை கொண்டது, புளி அமிலம். இரண்டும் சேர்ந்தால் காற்றில் பறக்காத உப்பாகிவிடும், வாடை அடங்கிவிடும். புளிக்கரைசலில் மீனைப் போட்ட முதல் பாட்டிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் செய்ய வேண்டியது தெரிந்திருந்தது.

வழக்கத்தின் பெரிய குறையும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. “பழகு” என்று சொல்பவர், பிடிக்காமல் போனதற்குக் காரணம் அறியாமை என்று எடுத்துக்கொள்கிறார். பல நேரங்களில் அது அறிவு. சந்தைப் பெட்டியைப் பார்த்து என் மூக்கு சொன்ன தீர்ப்பு சரியானது. அந்த மீன் கெடத் தொடங்கியிருந்தது. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்ற மீன்களைக் குளிர்ச்சி இல்லாமல் வைத்தால் நுண்ணுயிரிகள் அவற்றில் ஹிஸ்டமைனை உண்டாக்கும். முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வர அது போதும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமைன் அழியாது. புளி வாடையை அடக்கும், நஞ்சை அடக்காது. நல்ல மீனைச் சுவையாக்கும் அதே குழம்பு, கெட்ட மீனைப் பற்றிய எச்சரிக்கையையும் மூடிவிடுகிறது. மூக்கின் சொல்லைக் கேட்காதே என்று புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது ஆபத்தான பாடம்.

விடுதிச் சாப்பாட்டை நம்பி வாழும் பகுதியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் நூறு பேருக்கு மேல் விடுதி உணவால் மருத்துவமனைக்குப் போனார்கள்; உடன் வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் யாரும், தட்டை ஒதுக்குகிறவரை ‘அடம்பிடிக்கிறார்’ என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது குறை, தொடக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் மீன். முள்ளுக்குப் பயந்து வஞ்சிரத்தில் தொடங்கியவர் பெரும்பாலும் வஞ்சிரத்திலேயே நின்றுவிடுகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கும் காலத்தில், அதன் விலை சம்பளக்காரர் கைக்கு எட்டாது. முள் இல்லை என்பதற்காகச் சிலர் சுறாவைப் பரிந்துரைப்பார்கள். ஆனால் சுறாவிலும் திருக்கையிலும் யூரியா அதிகம். சற்று நேரமானாலே அம்மோனியா நெடி அடிக்கும். பழகுநருக்கு அதைவிடக் கடினமான மீன் இல்லை. உணவகங்கள் தரும் முள்ளில்லாப் பாசா மீன் துண்டில் மசாலாதான் ருசிக்கும், மீன் ருசிக்காது. ஒமேகா-3 நிறைந்த மத்தியும், முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்துத் தரும் நெத்திலியும் விலை மலிவு. அவை வந்து சேர்வதோ கடைசிப் படியில்.

மூன்றாவது குறை, ‘மீன்’ என்று ஒன்றாகப் பேசுவது. எங்கள் பக்கத்து அறை வங்காளத் தோழர் ரோகுவும் கட்லாவும் கடுகெண்ணெயில் சமைத்துத் தினமும் சாப்பிடுவார். கடல்மீன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தூத்துக்குடி அண்ணனுக்கு நேர்மாறு: ஏரிமீனில் சேற்று வாடை என்பார். இருவரும் பிறந்ததிலிருந்து மீன் தின்கிறவர்கள். நம் நீர்நிலைகளில் இன்று எங்கும் காணும் ஜிலேபி மீன், ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கை வழியாக 1952-இல் இந்தியா வந்த இனம். அதன் சேற்று வாடைக்குக் காரணம், தண்ணீரில் வாழும் நீலப்பச்சைப் பாசி போன்றவை உண்டாக்கும் ஜியோஸ்மின். மீனைச் சில நாள் சுத்தமான தண்ணீரில் உயிரோடு விட்டால் அது குறைந்துவிடும். அமிலம் பட்டாலும் சிதையும். கடல்மீன் கவிச்சி வேறு, ஏரிமீன் சேற்று வாடை வேறு, கெட்ட மீன் நாற்றம் வேறு. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் ‘பிடிக்கும்’, ‘பிடிக்காது’ என்பதற்குப் பொருளே இல்லை.

நான்காவதாக, வற்புறுத்தல். மீன் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். நம்பிக்கையால் மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் தட்டில் குழம்பை ஊற்றிச் சிரிப்பது நட்பு ஆகாது. அதே அளவு தவறு, அறையில் கருவாடு சுட்டவரைப் பார்த்து மூக்கைப் பொத்துவது. மீன் வாடையைச் சொல்லி மீனவரைத் தள்ளிவைத்த பழக்கம் நம் சமூகத்துக்கு உண்டு. கெட்ட மீனை ஒதுக்க மூக்குக்கு உரிமை இருக்கிறது. மனிதரை ஒதுக்க அதற்கு உரிமை இல்லை.

என்னை மாற்றியது எந்த வறுவலும் அல்ல. ஒரு ஞாயிறு விடியலில் அண்ணன் என்னைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனார். சங்கரா ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார்; ரத்தச் சிவப்பு. கண் பளபளவென்று துருத்தி நின்றது. விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழுந்தது. “மோந்து பாரு” என்றார். கடல்காற்றின் வாசனைதான் வந்தது, வேறெதுவும் இல்லை. அத்தனை ஆண்டுகளாக நான் வெறுத்தது மீனை அல்ல, அதன் முதுமையை என்று அங்கேதான் புரிந்தது.

ஆகவே இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை, படிகளைத் திருப்பி அடுக்கினால் போதும். முதலில் செவுளும் கண்ணும் வாசனையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அன்றைக்குக் கிடைத்த மலிவான மீன், மசாலா குறைவாக. குழம்பும் காரமும் அதற்குப் பிறகு வரட்டும். விடுதிகள் மீன் நாளில் மறுப்பவருக்கு முட்டையோ பருப்போ வைக்கட்டும். வாங்கி வந்த மீனைச் சமைக்கும் முன் பார்க்கத் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும்.

இப்போதும் சில நாள் விடுதிக் குழம்பை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிறேன். அன்று மீன் என்பதால் தள்ளினேன். இன்று அந்த மீன் சரியில்லை என்பதால் தள்ளுகிறேன். மீன் தின்னப் பழகியதில் நான் கற்றது இந்த வேறுபாட்டைத்தான்.