முன்னுரையைத் தவற விடாதீர்

ரேச்சல் கார்சன் 1951-இல் எழுதிய 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்னும் ஆங்கில நூல், அலை, ஓதம், நீரோட்டம் ஆகியவற்றைப் பௌதிக மாணவரும் மெச்சும்படி விளக்குகிறது. ஆயினும் ஒரு குறை: நிலத்தைச் சூறையாடிய மனிதனால் கடலை மாற்ற இயலாது என அது நம்பியது.

நடந்தது வேறு. 1946 முதல் 1970 வரை, சான்பிரான்சிஸ்கோ கரைக்கப்பால் பாரலோன் தீவுகளருகே சுமார் 47,500 கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்கள் கடலில் அமிழ்த்தப்பட்டன. 'பெருங்கடலில் கழிவு நீர்த்துப்போகும்' என்ற கணக்கு உயிர்களுக்குப் பொருந்தாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் கதிரியக்கத் தனிமங்களை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றை உண்ணும் கரையோர மீன்கள் வழியே அவை நம் உணவுக்கே திரும்பக்கூடும்.

1961-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஆசிரியரே இவ்வாபத்தை விளக்கித் தம் பழைய நம்பிக்கையைத் திருத்திக்கொண்டார். உலக நாடுகள் முழுத் தடைக்கு இசைந்தது 1993-இல்தான். முன்னுரையோடு படித்தால்தான் இந்நூல் முழுமை பெறும்.