ஏர் அடித்த ஃபில்டர்

பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயின் உட்புறத்தைத் துடைத்தேன். துணியில் செம்மண் நிறம் ஏறியது. அது ஃபில்டரைத் தாண்டிய இடம். அங்கே மண் இருக்கவே கூடாது. இருந்தால், என்ஜின் அதைக் காற்றோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வண்டி 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ. ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டதால் இது நடக்கவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும், நடுவில் வாட்டர் வாஷுக்கு விட்டபோதும்கூட, ஃபில்டரைக் கழற்றி ஏர் அடித்துத்தான் மாட்டியிருக்கிறார்கள். "ஏனுங்க சார், ஃபில்டர் கறுத்துப் போச்சுங்க, ஏர் அடிச்சு விட்டரட்டுங்களா?" என்று கேட்பார்கள். நானும் தலையாட்டுவேன். அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது புரிய, ஏழு மாதமும் மூன்று ஃபில்டர்களும் ஆயின.

ஜிடி டிஎஸ்ஐயின் 1,197 சிசி டர்போ என்ஜின் 105 பிஎஸ் பவரும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தரும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 12 கி.மீ. என்று வைத்தால், 20,000 கி.மீ. ஓடுவதற்குள் ஒன்றரைக் கோடி லிட்டர் காற்று அந்த ஒற்றைக் காகித ஃபில்டர் வழியே போயாக வேண்டும். எங்கள் பக்கத்துக் காற்று எப்படிப்பட்டது என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் தூசி. பல்லடம் சாலையில் எம்-சாண்ட் லாரிகள், கூடவே ஸ்பின்னிங் மில் பஞ்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று புகுந்துவிட்டால் இவை எல்லாமே ஆகாயத்தில்தான்.

மண்ணில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ். இரும்பையும் அலுமினியத்தையும் கீறிவிடும் கடினம் அதற்கு. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் உள்ள ஆயில் படலத்தின் கனம் சில மைக்ரான்தான். அந்தப் படலத்தைவிடச் சற்றே பெரிய துகள் உள்ளே புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். டர்போ வண்டிக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு. சின்ன டர்போக்களின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தில் மோதும் ஒவ்வொரு மணலும் பிளேடின் விளிம்பைக் கொத்தும்.

காகித ஃபில்டர் தன் வாழ்நாளிலேயே மோசமாக வடிகட்டுவது புதிதாக மாட்டிய முதல் நாளில்தான். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். ஆனால் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். மடிப்புகளின் மேல் மெல்லத் தூசி படியப் படிய, அந்தத் தூசிப் படலமே அடுத்து வரும் நுண்துகளைப் பிடிக்கிறது. ஆக, நாம் பார்த்து முகம் சுளிக்கும் அந்தக் கறுப்பில் பாதி என்ஜினைக் காக்கும் கவசம். ஏர் அடித்தால் முதலில் போவது அதுதான். அதோடு நின்றாலும் பரவாயில்லை. டயரில் நாம் வைப்பது 32 பிஎஸ்ஐ. ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரில் இருப்பது 100-க்கும் மேல். அந்த அழுத்தத்தைக் காகிதத்தின் அருகே பிடித்தால் இழைகள் விலகி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுகின்றன. என் பழைய ஃபில்டரை இருட்டறையில் வைத்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மடிப்பின் முனைகளில் ஐந்தாறு இடங்களில் ஊசிமுனை வெளிச்சம். வேட்டித் துணியில் ஏறிய செம்மண் வந்த வழி அதுதான்.

அடுத்த கேள்வி: சுத்தம் செய்யாமல் விட்டால் பவர் குறையாதா? ஊகிப்பதைவிட அளந்துவிடுவது நல்லது என்று தோன்றியது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் ஐந்து மீட்டர் வாங்கி, பிளைவுட் பலகையில் 'U' வடிவில் பொருத்தி, நீல மை கலந்த தண்ணீர் ஊற்றினேன். ஃபில்டர் பெட்டியில் சுத்தமான காற்று வரும் பக்கத்தில் சிறு துளையிட்டு, ரப்பர் கிரோமெட் வைத்து டியூபின் ஒரு முனையைச் செருகினேன். என்ஜின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறதோ, அவ்வளவுக்கு இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் விலகும். பலகையை இடவலமாக வைத்தால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தண்ணீர் சாயாது. டியூபும் போதிய நீளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் என்ஜினுக்குப் போய்விடும். பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை பலகையைப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தான். ஆள் நடமாட்டமில்லாத சாலை, இரண்டாவது கியர், முழு மிதி, 5,000 ஆர்பிஎம். ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஐந்து தடவை.

புதுக் காகித ஃபில்டரில் 18 செ.மீ. ஏர் அடிக்காமல் 22,000 கி.மீ. ஓடிய காகித ஃபில்டரை ஒரு நண்பரின் ஜிடியிலிருந்து கடன் வாங்கி மாட்டினேன்: 24 செ.மீ. கடைசியாக, கழுவிப் பயன்படுத்தும், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன்: 16 செ.மீ.

வளிமண்டல அழுத்தம் தண்ணீர்க் கணக்கில் சுமார் 1,033 செ.மீ. அழுக்குக் காகிதத்துக்கும் புதுக் காகிதத்துக்கும் உள்ள 6 செ.மீ. வித்தியாசம், அதில் நூற்றுக்கு அரையைச் சற்றே தாண்டும். பருத்தி ஃபில்டர் மிச்சப்படுத்தும் 2 செ.மீ.யோ 0.2 சதவீதம்கூட இல்லை. அதையும் டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிவிடுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளை மூன்று ஃபில்டரிலும் ஏறிப் பார்த்தேன். கால் எந்த வித்தியாசத்தையும் உணரவில்லை. காது உணர்ந்தது: பருத்தி ஃபில்டரில் உறிஞ்சும் சத்தம் கணீரென்று, கேட்கவே இனிமையாக இருக்கிறது.

ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் குறையும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் ஃபில்டர்களைச் செயற்கையாக அடைத்துச் சோதித்தது. கணினி கட்டுப்படுத்தும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் குறையவில்லை. வேகமெடுப்பதில் மட்டும் 6 முதல் 11 சதவீதம் வித்தியாசம் தெரிந்தது. கார்புரேட்டர் காலத்து அறிவுரையை நாம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

பருத்தி ஃபில்டரைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது உண்மை. இந்த வகையைப் பிரபலப்படுத்திய கே அண்ட் என் நிறுவனம், சாதாரணச் சாலைகளில் 80,000 கி.மீ. வரை கழுவத் தேவையில்லை என்கிறது. பருத்தியின் மேலுள்ள கம்பி வலை தூசியில் மறையாமல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை கழுவத் தேவையில்லை என்றும் சொல்கிறது. நல்ல அறிவுரை. கழுவும் வேலைதான் பொறுமையைக் கேட்கிறது. கிளீனரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊற விட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக மெல்லிய தண்ணீரில் அலச வேண்டும். நிழலில் தானாகக் காய வேண்டும்; ஹேர் டிரையரும் ஏரும் ஆகாது. பிறகு எண்ணெய். முதல் தடவை நான் அதிகமாக ஊற்றிவிட்டேன். பெட்டியின் அடியில் சிவப்பாகத் தேங்கியது. காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து தொந்தரவு தரலாம். குறைவாகத் தடவினாலோ தூசி புகும்.

ஃபில்டருக்கு 6,000 ரூபாய், கிளீனிங் கிட்டுக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். காகித ஃபில்டர் அப்போது 650 ரூபாய். அந்தப் பணத்துக்குப் பன்னிரண்டு காகித ஃபில்டர் வாங்கி, 20,000 கி.மீ.க்கு ஒன்று என்று மாற்றினால் 2,40,000 கி.மீ. ஓடிவிடும். பந்தயத்துக்காக என்ஜினையே மாற்றியமைத்தவர்களின் கணக்கு வேறு. சாலையில் ஓடும் ஜிடிக்கு நான் காகிதத்தைத்தான் சொல்வேன்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? பல கார்களின் கையேடுகள் 30,000 முதல் 40,000 கி.மீ.யில் மாற்றச் சொல்கின்றன, தூசியான ஊர்களுக்கு இன்னும் முன்னதாக. நான்கு வழிச்சாலையிலேயே ஓடுபவர் கையேட்டின்படி போகலாம். கோவை, திருப்பூர் பக்கம் தினமும் ஓட்டும் டர்போ வண்டிக்கு 20,000 என்று வைத்துக்கொண்டேன். நடுவில் 10,000-இல் ஒரே ஒரு தடவை திறந்து பார்ப்பேன். இலை, பூச்சி, பஞ்சு இருந்தால் கையால் எடுப்பேன், மெல்லத் தட்டுவேன். மழையில் நனைந்திருந்தாலோ மடிப்பு வளைந்திருந்தாலோ உடனே மாற்றுவேன். அடிக்கடி திறப்பதும் கெடுதல்தான்: ஓரத்து ரப்பர் நசுங்கி, ஃபில்டரைச் சுற்றியே காற்று புகுந்துவிடும். மலிவு விலை ஃபில்டர்களில் அந்த ஓரம் முதலிலிருந்தே சரியாக உட்காருவதில்லை. வாங்கும்போது காகிதத்தைவிட அதைத்தான் அழுத்திப் பார்க்க வேண்டும்.

போன சித்திரையில் புது ஃபில்டர் போட்டு, அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினேன். கீழே 'ஏர் அடிக்க வேண்டாம்' என்றும் எழுதியிருக்கிறேன். இந்த சர்வீஸில் மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, "அப்படியே மாட்டிரட்டுங்களா?" என்று கேட்டார். மாட்டச் சொன்னேன். 11,000 கி.மீ. ஆகியிருக்கிறது. குழாயைத் துடைத்த வேட்டித் துணி இந்தத் தடவை வெள்ளையாகவே வந்தது.