கதவடைக்கும் நாள்

சம்பளம் வாங்காதவருக்குக் கெடு விதிக்கலாமா? இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லாடிய கட்டற்ற மென்பொருள் திட்டம் டெபியன். 1993இல் தொடங்கிய இந்த இயங்குதளத்தைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து ஆக்குகிறார்கள். 'தயாரானதும் வெளியிடுவோம்' என்பது அவர்களின் பழைய கொள்கை.

நேர்மையான கொள்கைதான், ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, 3.1 வர 2005 ஜூன் ஆயிற்று. இடையில் 2004 அக்டோபரில், டெபியன் மீதே கட்டிய உபுண்டு ஆறு மாதத்துக்கொரு வெளியீடு என்று புறப்பட்டது. அதன் பின்னால் சம்பளம் தரும் நிறுவனம் இருந்தது. அப்படியிருந்தும் 2006 ஏப்ரல் பதிப்பு ஜூனுக்குத் தள்ளிப்போனது.

அதே 2006இல், டெபியனின் வெளியீட்டு மேலாளர்களுக்குப் பணம் கொடுத்து வேலையை விரைவுபடுத்தும் முயற்சி நடந்தது. சிலருக்கு மட்டும் ஊதியமா என்று மற்றவர்கள் மனம் கசந்தார்கள். டிசம்பரில் வர வேண்டிய பதிப்பு 2007 ஏப்ரலில்தான் வந்தது. தாமதத்துக்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், பணம் எளிய மருந்தன்று என்பது தெளிவாயிற்று.

2009இல் டெபியன் இடைவழி ஒன்றை வகுத்தது. ஈராண்டுக்கு ஒருமுறை உறைநிலைக்கு, அதாவது புதியன சேர்ப்பதை நிறுத்துவதற்கு, நாள் குறிப்பது. வெளியீட்டை மட்டும் வழுக்கள் தீரும்வரை விட்டுவைப்பது. இதன் வலிமை எளிமையானது. வழுவைத் திருத்தும் உழைப்பை யாரிடமும் கட்டாயப்படுத்திப் பெற முடியாது. புதியன நுழையும் கதவை அடைக்க யாருடைய உழைப்பும் வேண்டாம். தன் கையில் இருப்பதற்கு மட்டுமே திட்டம் வாக்குக் கொடுக்கிறது. 2011 தொடங்கி 2025 வரை ஒற்றைப்படை ஆண்டுதோறும் ஒரு பதிப்பு வந்திருக்கிறது.

குறையும் உண்டு. 2012 ஜூன் இறுதியில் அடைத்த கதவு 2013 மே மாதம்தான் திறந்தது. அந்தப் பத்து மாதமும் புதியது செய்யும் ஆசையோடு வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். பிறர் விட்டுவைத்த வழுக்களோடு மாரடித்தவர்கள் சிலரே. பின்னர் உறைநிலையைப் படிப்படியாக இறுக்கினார்கள்: 2025இல் மார்ச், ஏப்ரல், மே, ஜூலை என நான்கு கட்டம், ஆகஸ்ட் 9 அன்று வெளியீடு. கடுமையான வழுவோடு கவனிப்பாரற்றுக் கிடக்கும் மென்பொருள் பொதிகள், இன்றியமையாதவை தவிர, தாமாகவே விலக்கப்படுகின்றன. இது நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஒரே ஒருவர் காத்துவந்த பொதி, அவர் நோயில் படுத்தால் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

தன்னார்வத் திட்டங்கள் டெபியனிடமிருந்து இந்த வழியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. ஆனால் நாள் குறிக்கும்போதே, கதவு அடைத்தபின் உள்ளே நின்று வழு திருத்தப்போகிறவர்கள் யார் யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்கள் இல்லாத அட்டவணையின் சுமை, எப்போதும் போல அதே நாலு பேர் தலையில்தான் விழும்.