காளிதாஸிலிருந்து கமலாவுக்கு

டி. பி. ராஜலக்ஷ்மியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார்கள்: ‘முதல்’. தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி. தமிழின் முதல் பெண் இயக்குநர். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் வந்தவர் என்ன செய்தார் என்ற கேள்வியை இந்தச் சொல் எழவே விடுவதில்லை.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. ராஜலக்ஷ்மிக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. கதையை நினைத்துப் பாருங்கள். படித்த இளவரசி வித்யாதரி, அமைச்சர் காட்டிய மாப்பிள்ளையை மறுக்கிறாள். அதற்குத் தண்டனையாக, எழுத்தறியாத ஒருவனை அறிஞன் என்று சொல்லி அவளுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவள் காளியை வேண்டுகிறாள்; அருள் கணவனுக்குக் கிடைக்கிறது. படத்தின் பெயரும் அவனுக்கே போகிறது. தமிழ்ப் பேசும்படம் முதன்முதலில் சொன்ன கதை, வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணைத் திருமணத்தால் தண்டித்த கதை.

அந்தப் பாத்திரத்தில் நடித்தவருக்குத் திருமணம் என்றால் என்னவென்று சிறுவயதிலேயே தெரியும். 1911இல் திருவையாற்றில் பிறந்த ராஜலக்ஷ்மிக்குக் குழந்தைப் பருவத்திலேயே மணம் முடித்துவைத்தார்கள். அது முறிந்தது. பிறகு நாடக மேடை. 1929இல் ‘கோவலன்’ என்ற ஊமைப்படம்.

அதே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு, பதினாறு வயதுக்குப் பிறகே திருமணம், விரும்பாத மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை, விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. ராஜலக்ஷ்மியை அந்த மேடையோடு முடிச்சுப்போட நான் முயலவில்லை. அவர் காந்தியின் ராட்டையைப் பாடிய தேசியவாதி. ஆனால் செங்கல்பட்டில் தீர்மானமாக எழுதப்பட்டவற்றில் சிலவற்றை, எந்தத் தீர்மானத்துக்கும் காத்திராமல் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். முறிந்த மணத்தோடு முடங்கவில்லை; தொழில் செய்தார்; உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்தார். சொத்தில் சமபங்கு சட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வர 1989 ஆனது.

1936இல் ‘மிஸ் கமலா’ வந்தது. ‘கமலவல்லி’ என்ற தம் சொந்த நாவலை அவரே படமாக்கினார். எழுத்து, இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவருடையவை. ‘காளிதாஸ்’ வந்து ஐந்தே ஆண்டுகள். கணவன் பெயரைத் தாங்கிய படத்தில் நடித்தவர், ஒரு பெண்ணின் பெயரைத் தலைப்பில் வைக்கிறார். அதற்கு முன்னால் ‘திருமதி’ இல்லை, ‘மிஸ்’ இருக்கிறது. இன்று இரண்டு படங்களும் நம் கையில் இல்லை. அவற்றின் நடிப்பையோ காட்சியமைப்பையோ யாரும் எடைபோட முடியாது. தலைப்புகளையும் கதைகளையும் வைத்துத்தான் நான் இதைச் சொல்கிறேன். அந்த அளவிலேயே பார்த்தாலும், கதை சொல்லும் அதிகாரம் கைமாறியிருப்பது தெரிகிறது.

அவருடைய பிற்காலத்தைச் சொல்பவர்கள் சம்பாதித்ததை இழந்ததையே உருக்கமாகச் சொல்கிறார்கள். படமெடுத்து நொடித்த ஆண்களைத் துணிந்தவர்கள் என்கிறோம். பெண் நொடித்தால் மட்டும் அது பாடமாகிவிடுகிறது. 1964இல் அவர் இறந்தார். வாழ்க்கையின் முடிவை வைத்து வேலையை அளப்பது விமர்சனம் ஆகாது.

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் ஆய்ச்சியர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறார்கள். அவர்களுக்கு உருவம் இருக்கிறது, பெயர் இல்லை. ராஜலக்ஷ்மிக்குப் பெயர் இருக்கிறது, படங்கள் இல்லை. ஆகவே ‘முதல்’ என்ற பட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள் என்று மாணவிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். வித்யாதரியாக நடித்தவர் கமலாவை ஏன் எழுதினார் என்று கேளுங்கள். படம் அழிந்த பிறகும் அந்தக் கேள்வி அழியவில்லை.