இருப்புச்சட்டியில் தாண்டிக்குடி

தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் மிளகுக்கொடிக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் நடுவே விளைந்து, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கு இறங்கிவரும் பச்சைக் காப்பிக்கொட்டையை முகர்ந்து பார்த்தால் ஏமாற்றம்தான். காப்பி வாசனை துளியும் இருக்காது. அடிகனமான இருப்புச்சட்டியில் ஒரு கை அள்ளிப் போட்டு, மிதமான தீயில், கரண்டியை நிறுத்தாமல் கிளற வேண்டும். கல் உரசுகிற கலகலப்பு முதலில். பச்சை வெளிறி மஞ்சளாகும்போது புல் வேகும் வாடை; பிறகு லேசான இனிப்பு. கை கடுக்கிற அந்தச் சமயத்தில்தான் முதல் கொட்டை 'படக்'கென்று வெடிக்கும். அடுத்தடுத்து, கடுகு பொரிவதைவிடக் கனமாக, சட்டி முழுக்கப் படபடக்கும். உள்ளே அடைபட்ட நீராவி வழி தேடுகிற சத்தம் அது. அந்த நேரத்தில் கண்ணைவிடக் காதை நம்பலாம். வெடிப்பு ஓயும்போது அடுப்பை அணைக்கிற கைக்குத்தான் பக்குவம் தெரியும். அரை நிமிடம் அசந்தால் கருகல்.

உடனே முறத்தில் கொட்டி மொட்டைமாடிக்கு ஓட வேண்டும். ஆடி மாதமானால் திண்டுக்கல் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்: நாலு புடைப்பில் வெள்ளித்தோல் அத்தனையும் பறந்து அடுத்த வீட்டுக் கொடித்துணியில் உட்காரும். (அந்த வீட்டாருக்கு ஒரு டம்ளர் காப்பி கடன்.) கடை வறுவலின் ஒரே சீரான நிறம் இதில் வராது, சில கொட்டை கருப்பு, சில இன்னும் தவிட்டு நிறம். எனக்கு அந்தக் கலப்புதான் பிடிக்கும். வறுத்த கையோடு அரைக்காமல் ஒரு நாள் ஆறவிட்டால் வாயு அடங்கிச் சுவை தெளியும். வீடே மணக்கும்போது அந்த ஒரு நாள் பொறுப்பதுதான் பெரும்பாடு.