குடும்பம் என்கிற சொல்: எம்கெண்டார்ஃப் மாளிகையை வாசித்தல்

ஒரு மாளிகையையும் பிரதியாக வாசிக்கலாம். வாசலில் தொடங்கி எந்த அறைக்குப் பிறகு எந்த அறை என்று நம்மை நடத்திச் செல்லும் வரிசை இருக்கிறதே, அதுவே ஒரு கதையாடல்தான். ஜெர்மன் நாட்டுப்புறத்துப் பண்ணை மாளிகைகளில் பார்வையாளருக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே கதை. தாத்தா கட்டினார், மகன் விரிவுபடுத்தினார், மருமகள் தோட்டம் போட்டார், போர் வந்தது, கூரை ஒழுகியது, குடும்பம் விடாமல் காப்பாற்றியது. அரசு அருங்காட்சியகத்தில் கிடைக்காத நெருக்கம் இதில் உண்டு. ஆனால் அந்த நெருக்கமே நம் வாயையும் கட்டிவிடுகிறது. ஒருத்தர் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு ‘இது யார் காசுல கட்டினது’ன்னு கேக்க முடியுமா? கேட்டுத்தான் பார்ப்போமே.

வடக்கே, கீல் நகருக்கு மேற்கே எம்கெண்டார்ஃப். சுற்றிலும் வயல், எலுமிச்சை மரச்சாலை (நம் எலுமிச்சை இல்லை, லிண்டன்), இருபுறமும் பெரிய தானியக் களஞ்சியங்கள், அவற்றுக்கு நடுவே மாளிகை. இன்றும் தனியார் சொத்து. 1986இல் தொடங்கிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் இசைவிழாவின் கச்சேரிகள் இங்கும் நடந்திருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இது ஃப்ரீட்ரிஷ் ரெவெண்ட்லோ பிரபுவும் அவர் மனைவி ஜூலியாவும் வாழ்ந்த வீடு. கிளாப்ஷ்டாக், லாவாட்டர், கிளாவ்டியுஸ் எல்லாம் விருந்தாளிகள். ‘வடக்கின் வைமர்’ என்று இலக்கிய வரலாறு இதைப் பெருமையாகக் குறிப்பிடுகிறது. 1790களில் கட்டடக் கலைஞர் ஹார்ன் வீட்டைப் புதுப்பித்தார். இத்தாலியக் கலைஞர்கள் சுவர்களையும் விதானங்களையும் அலங்கரித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகான வீடு.

இந்த அழகுக்குப் பின்னால் இருந்தது ஜூலியா கொண்டுவந்த செல்வம். அவருடைய அப்பா ஹைன்ரிஷ் கார்ல் ஷிம்மல்மான், டென்மார்க் மன்னரின் கருவூலத்தார். ஆரன்ஸ்பர்க், வாண்ட்ஸ்பெக் பண்ணைகளை வாங்கியவர். கரீபியக் கடலில் அன்று டென்மார்க் வசமிருந்த செயின்ட் குராய் தீவில் கரும்புத் தோட்டங்கள், கோபன்ஹேகனில் சர்க்கரை ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை என்று ஒரு முழு வட்டமே அவர் கையில் இருந்தது. துப்பாக்கியும் துணியும் சாராயமும் கினியா கடற்கரைக்குப் போகும், அங்கிருந்து மனிதர்கள் தீவுக்குப் போவார்கள், தீவிலிருந்து சர்க்கரை வடக்கே வரும். அந்தத் துணியில் ஒரு பங்கு இந்தியப் பருத்தி. 1845வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியும் இந்தக் கடல்வழியில் ஒரு புள்ளிதான். 1782இல் ஷிம்மல்மான் இறந்தபோது அவர் தோட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் அடிமைகள் இருந்தார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறவர் கவிஞர் மத்தியாஸ் கிளாவ்டியுஸ். வாண்ட்ஸ்பெக்கில் இருந்துகொண்டு 1771 முதல் 1775 வரை அவ்வூர்ப் பெயரிலேயே வந்த பத்திரிகையை நடத்தியவர். சர்க்கரைத் தோட்டத்தில் வாடும் ஒரு கறுப்பு மனிதனின் குரலில் அவர் ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். சொந்த மண்ணை நினைத்து அழுது, தான் செய்த குற்றமென்ன என்று புரியாமல் வானத்தைப் பார்த்துக் கையேந்துகிற குரல். காலனிய எதிர்ப்புக்கு ஜெர்மன் மொழியில் ஒரு தொடக்கம் என்று இதைக் கொண்டாடலாம். கொண்டாடட்டும். ஆனால் கவிதை எங்கே நிறுத்திக்கொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கொடுமை செய்தவர்கள் அதில் ‘வெள்ளை மனிதர்கள்’ என்ற பன்மை மட்டுமே. கவிஞர் குடியிருந்த ஊரின் நிலப்பிரபுவே தோட்ட முதலாளி. அந்தப் பெயர் கவிதைக்குள் வரவில்லை. முறையீடு கடவுளிடம் போய்விடுகிறது, முதலாளியிடம் போவதில்லை. இரக்கத்துக்கு விலாசம் இல்லாதவரை விருந்து மேசையில் இடம் உண்டு. அதே கவிஞர் பிற்காலத்தில் அந்த முதலாளியின் மகள் வீட்டில் மதிப்புக்குரிய விருந்தாளி. இதைத் தனிமனிதப் பாசாங்கு என்று சுருக்குவது சரியாகாது. தாராள மனசு என்கிற சொல்லாடலே இப்படித்தான் இயங்குகிறது.

எட்வர்ட் சைது 1993இல் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலை வாசித்தபோது, அந்த ஆங்கிலப் பண்ணை வீட்டின் ஒழுங்கைத் தாங்கி நிற்பது ஆண்டிகுவாத் தீவின் தோட்டம் என்று காட்டினார். அவருக்கு நாவலின் மௌனம் போதும். நமக்குக் கணக்குப் புத்தகமும் வேண்டும்.

மறுபடியும் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஹோல்ஸ்டைன் பண்ணைகளில் உழைத்த பண்ணையடிமைகள் பிரபுவின் அனுமதியில்லாமல் கல்யாணம் செய்துகொள்ள முடியாது, பண்ணையை விட்டுப் போகவும் முடியாது. 1805 ஜனவரி 1 அன்றுதான் இது சட்டப்படி ஒழிந்தது. அப்போதும் நிலம் பிரபுவிடமே நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். ஜூலியாவின் அண்ணன் எர்ன்ஸ்ட் ஷிம்மல்மான் டென்மார்க்கின் நிதியமைச்சர். அடிமை வணிகத்தைத் தடைசெய்த 1792ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னால் இருந்தவர் அவரே. ஆனால் ஆணை நடைமுறைக்கு வந்தது 1803இல். இடைப்பட்ட பத்து வருசத்தில் தோட்ட முதலாளிகள் மேலும் ஆட்களை வாங்க அரசே கடன் கொடுத்தது. பெண்களை அதிகமாகக் கொண்டுவர ஊக்கமும் தந்தது. எதற்கு? வாங்காமலே அடிமைகள் பிறந்துகொண்டிருக்க. அடிமை முறை அங்கே 1848வரை நீடித்தது. ஆக, மாளிகைச் சுவரில் தொங்கும் வம்சாவளி ஒன்று. கணக்கில் முதலீடாக எழுதப்பட்ட பிறப்புகள் இன்னொன்று. இரண்டும் ஒரே பொருளாதாரம். நாம் பார்க்கப் போகிற வீட்டில் முதலாவதை மட்டும்தான் ‘குடும்பம்’ என்கிறார்கள்.

‘இப்போ இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க பாவம், வீடே கைமாறிடுச்சே’ என்று கேட்கலாம். உண்மைதான், ரெவெண்ட்லோக்களிடமிருந்து வீடு எப்போதோ போய்விட்டது. கேள்வி ஆட்களின் குற்றம் பற்றியதாக இருந்தால் அது நல்ல பதில். கதை பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது. ஹாம்பர்க்கின் வாண்ட்ஸ்பெக்கில் 2006இல் ஷிம்மல்மானுக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். ஊரை வளர்த்த புண்ணியவானாம்! எதிர்ப்பு கிளம்பியது, 2008இல் சிலை அகற்றப்பட்டது. சிலையை இறக்குவது எளிது. வீட்டை என்ன செய்வது?

எல்பே ஆற்றுக்குக் கிழக்கே, சோவியத் மண்டலத்தில், 1945இல் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளை நஷ்ட ஈடின்றிப் பறித்தார்கள். அந்தப் பறிப்புகளைத் திருப்ப வேண்டியதில்லை என்று 1991இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. பிறகு பழைய குடும்பங்கள் சில தங்கள் மாளிகைகளைக் காசு கொடுத்தே திரும்ப வாங்கின. மேற்கே, எம்கெண்டார்ஃப் இருக்கிற பக்கம், அப்படியொரு பறிப்பு நடக்கவில்லை. அதனால்தான் இங்கே தொடர்ச்சி இயற்கை போலத் தெரிகிறது, வரலாறு போலத் தெரிவதில்லை.

தீவுகளை டென்மார்க் 1917இல் அமெரிக்காவுக்கு விற்றது. நூறாண்டு கழித்து, 2017இல், கோபன்ஹேகனின் தேசிய ஆவணக் காப்பகம் அவை பற்றிய சுமார் 50 லட்சம் பக்கங்களை இணையத்தில் வைத்தது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். தோட்டங்களின் ஆள் பட்டியல்களும் அதில் இருக்கின்றன. ஆண், பெண், குழந்தை என்று வரிசையாக ஒற்றைப் பெயர்கள்.